உடுக்கையின் இடுப்பும் ஒரு பிரஷர் சென்சாரும்

கீபோர்டில் வரும் உடுக்கை டோன் மேல் எனக்கு நெடுநாள் கோபம். டோன் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஸ்டூடியோவில், நல்ல மைக் வைத்து, கை தேர்ந்த ஒருவரை அடிக்கச் சொல்லித்தான் பதிவு செய்திருப்பார்கள். கீயை அழுத்தினால் ‘டும்’. மறுபடி அழுத்தினால் மறுபடி அதே ‘டும்’. மெதுவாக அழுத்தினால் சத்தம் குறைந்த அதே ‘டும்’. ஆடி மாதம் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு தெருவில், கூழ் ஊற்றும் பந்தலுக்கு அருகே கொஞ்ச நேரம் நின்று அம்மன் வர்ணிப்பு கேட்டிருந்தால் உங்களுக்கே தெரியும், உடுக்கை இப்படி நடந்துகொள்ளாது. அடி விழுந்த பிறகுதான் அது பேசவே தொடங்கும். ஒலி கீழிருந்து மேலே ஏறும், பாதி வழியில் தயங்கும், சட்டென்று கீழே விழும். பாடுபவர் ‘தாயே’ என்று இழுத்தால் உடுக்கையும் கூடவே இழுக்கும்.

அந்த இழுப்பை லேப்டாப்பிலிருந்து, மேடையில், கையின் அழுத்தத்தை வைத்தே கொண்டுவந்த விவரம்தான் இந்தப் பதிவு. நடுவில் கொஞ்சம் டெக்னிக்கலாகப் போகும். மிடி (கருவிகளும் கணினியும் தங்களுக்குள் கட்டளை அனுப்பிக்கொள்ளும் முறை) பக்கமே போகாதவர்கள் சில பத்திகளைத் தாண்டிவிட்டு மாமா வரும் இடங்களை மட்டும் படித்தாலும் சரிதான்.

பகலில் நான் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர் ரிப்பேர் பார்க்கிறேன். சீசன் வந்தால் லைட் மியூசிக் பார்ட்டியில் கீபோர்டு. அம்மாவின் தம்பி, என் மாமா, பம்பை உடுக்கைக்காரர். ஆடியில் அவரைப் பிடிக்கவே முடியாது. பெரியபாளையம் போகும் வேன் ஒன்றில் இருப்பார், இல்லையென்றால் ஏதாவது ஒரு கரகத்துக்கு முன்னால் நடந்துகொண்டிருப்பார். ஆனால் எங்கள் பார்ட்டிக்கு ஆடி, ஐப்பசி என்ற கணக்கெல்லாம் கிடையாது. கல்யாண ரிசப்ஷனாக இருந்தாலும் சரி, காதுகுத்தாக இருந்தாலும் சரி, கூட்டத்திலிருந்து ஒரு சீட்டு வரும்: ‘ஒரு அம்மன் பாட்டு’. உடனே நான் அந்த ‘டும் டும்’ டோனைத் தேட வேண்டும்.

ஒருமுறை அதை மாமாவிடம் போட்டுக் காட்டினேன். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “இன்னாடா இது, தும்முது” என்றார். அதற்கு மேல் விமர்சனம் தேவைப்படவில்லை.

உடுக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தால் ரகசியம் எதுவும் இல்லை. இரண்டு முகம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, இரண்டு தோலையும் சேர்த்து இழுத்துக் கட்டிய கயிறு. வலது கை விரல்கள் அடிக்கின்றன. இடது கை இடுப்பில் கயிற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அழுத்தினால் கயிறு இழுபட்டுத் தோல் விறைக்கிறது, சுருதி ஏறுகிறது. விட்டால் இறங்குகிறது. வலது கை செய்வது ஒரு கணத்து வேலை. இடது கைதான் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. கீபோர்டு டோனில் இருப்பது வலது கை மட்டும். இடது கையைக் காணோம்.

கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் வீல் எதற்கு இருக்கிறது, அதைத் திருப்ப வேண்டியதுதானே என்று ரிதம் பேட் வாசிக்கும் நண்பர் கேட்டார். செய்து பார்த்தால் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும். காரணம் இதுதான்: பதிவு செய்த ஒலியின் சுருதியை வீல் ஏற்றும்போது அதில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றுகிறது. தோலின் அதிர்வு, விரல் பட்ட ‘டப்’, கட்டையின் உள்ளே சுழலும் காற்று, எல்லாமே மேலே போகும். மொத்த உடுக்கையும் சுருங்கிப் பொம்மை ஆகிவிட்டது போலக் கேட்கும். நிஜத்தில் இடது கை அழுத்தும்போது தோல் மட்டும்தான் விறைக்கிறது. கட்டை அதே கட்டைதான், விரலும் அதே விரல்தான். ஆகவே இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றை மட்டும் அசைக்க வேண்டும். பதிவு செய்த டோனில் அது நடக்காது. ஒலியைப் பிறப்பிலிருந்தே உருவாக்கினால்தான் நடக்கும். சிந்தசிஸ் அங்கேதான் தேவைப்படுகிறது.

நான் பயன்படுத்துவது ப்யூர் டேட்டா. மில்லர் பக்கெட் என்பவர் 1990-களில் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் போட்டு, வயர் இழுத்து இணைப்பதுதான் ப்ரோகிராமிங். அப்படி இணைத்துக் கட்டியதற்கு பேட்ச் என்று பெயர். சாலிடரிங் அயர்னோடு வாழ்பவனுக்கு இது சுலபமாக ஒட்டிக்கொண்டது. பழைய லேப்டாப்பிலும் ஓடும், ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியிலும் ஓடும்.

தோலுக்கு மூன்று சைன் அலைகள். இவற்றின் விகிதம் முக்கியம். கம்பியில் மேல் ஸ்வரங்கள் 1, 2, 3 என்று முழு எண் மடங்காக வரும். வட்டமான தோலில் அப்படி வராது. சீரான தோல் என்று எடுத்துக்கொண்டால் 1, 1.59, 2.14 என்று கோணல்மாணலாகப் போகும். அதனால்தான் பெரும்பாலான பறை, மேள வகைகளில் இன்ன ஸ்வரம் என்று துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. மிருதங்கம் விதிவிலக்கு. நடுவில் பூசும் கரணையின் எடை, அந்தக் கோணலான எண்களை இழுத்து ஏறக்குறைய முழு எண்களாக்கிவிடுகிறது. சி.வி.ராமன் 1920-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். உடுக்கையில் கரணை இல்லை. ஆகவே அந்தக் கோணல் எண்களையே அப்படியே போட்டேன். முழு எண்களைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது: தோல் மறைந்து, ஏதோ மணி அடிப்பது போல ஆகிவிடுகிறது.

கட்டைக்கு, ஒரே இடத்தில் நிற்கும் பேண்ட்பாஸ் ஃபில்டர் (குறிப்பிட்ட ஒரு பகுதி ஒலியை மட்டும் விடும் வடிகட்டி). விரலுக்கு, பத்து மில்லிசெகண்ட் மட்டும் தலைகாட்டும் ஒயிட் நாய்ஸ், அதாவது ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல். இவை இரண்டும் அசையாது. அசைவது தோல் மட்டும்.

சரி, எதை வைத்து அசைப்பது?

மிடி என்பது ஒலி இல்லை, கட்டளை மட்டுமே என்பது பலருக்கும் தெரிந்ததுதான். 1983-ல் அமெரிக்காவில் நடந்த நாம் (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜுபிடர்-6-ஐயும் ஒரு கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். இரண்டு வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்டன. அன்று வகுத்த விதிகள்தான் இன்றைக்கும் பெரும்பாலும் ஓடுகின்றன. அந்தக் காலத்துச் சிப்புகளை மனதில் வைத்து எல்லாவற்றையும் சிக்கனமாக வைத்தார்கள். வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட் போக 320 மைக்ரோசெகண்ட் ஆகும். ஒரு கட்டளைக்கு வழக்கமாக மூன்று பைட், அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். ஒவ்வொரு டேட்டா பைட்டிலும் பயன்படுவது 7 பிட்தான். ஆகவே எந்த நாபைத் திருப்பினாலும், எந்த ஃபேடரைத் தள்ளினாலும் 0 முதல் 127 வரை. இந்தக் கட்டளைகளுக்கு சிசி, அதாவது கண்ட்ரோல் சேஞ்ச், என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: மாட் வீல் சிசி 1, வால்யூம் சிசி 7, ஒலியின் பளிச்சிடலை மாற்றும் ஃபில்டர் வழக்கமாக சிசி 74. எதுவானாலும் 128 படிதான்.

128 படி போதுமா என்பதில் இணையத்தில் பெரிய சண்டையே நடக்கும். என்னைக் கேட்டால் படியின் எண்ணிக்கை இரண்டாவது பிரச்சினை. அந்தப் படிகளை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதுதான் முதல் பிரச்சினை.

ஃபில்டர் கட்ஆஃபையே, அதாவது ஃபில்டர் ஒலியை வெட்டத் தொடங்கும் இடத்தையே, எடுத்துக்கொள்ளுங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு நாபில் நேர்கோட்டில் விரித்தால், ஒரு படிக்கு 157 ஹெர்ட்ஸ் வரும். முதல் படியிலேயே 20-லிருந்து 177-க்குத் தாவி, மூன்று ஆக்டேவுக்கு மேல் விழுங்கிவிடும். நாபின் மேல் பாதி முழுவதும் 10,000-க்கு மேலே ஒரே ஒரு ஆக்டேவைத் தடவிக்கொண்டிருக்கும். அங்கே திருப்பினால் சபையில் யாருக்கும் எதுவும் கேட்காது. ‘நாப் வேலை செய்யலை’ என்று கடைக்கு வந்த மிடி கண்ட்ரோலர்களில் சிலவற்றில் நாபில் எந்தக் கோளாறும் இல்லை. கணக்கில்தான் கோளாறு. காது மடங்கு மடங்காகக் கேட்கிறது. அதனால் நாபும் மடங்காகப் போக வேண்டும். அப்படி விரித்தால் ஒரு படிக்கு 5.6 சதவீதம், ஏறக்குறைய ஒரு செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கீகளின் இடைவெளி). இதுவும் கொஞ்சம் முரடுதான், ரெசொனன்ஸ் (வெட்டும் இடத்தில் ஒலியை எடுப்பாக்கும் அமைப்பு) ஏறியிருந்தால் படி படியாகக் காதில் விழும். ஆனால் என் பாட்டுக்கு 20-ம் வேண்டாம், 20,000-மும் வேண்டாம். 300-லிருந்து 3,000 வரை போதும் என்று வரம்பைச் சுருக்கினால் ஒரு படி 1.8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதே நாப், அதே 128 படி.

மேடையில் நாபைத் திருப்பும் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். மிடி லேர்ன் பட்டனை அழுத்தி நாபை ஒட்டவைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அங்கே வேலை ஆரம்பிக்கிறது. அந்த நாபின் இரண்டு எல்லையையும் நீங்களே தீர்மானியுங்கள். எந்த மூலைக்குத் திருப்பினாலும் பாட்டு கெடக் கூடாது. பதறின கை எங்கே போய் நிற்கும் என்று மேடையில் யாருக்குத் தெரியும்?

உடுக்கைக்கு நாப் ஒத்துவராது. திருப்புவதும் அழுத்துவதும் வேறு வேறு தசை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், அழுத்தினால் மின்தடை குறையும் ஒரு தட்டையான சென்சாரும், நேராகவே யூஎஸ்பி மிடியாகப் பேசும் ஆர்டுயினோ என்ற, நாமே ப்ரோகிராம் எழுதிப் போடக்கூடிய ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் வாங்கினேன். போர்டை வாங்கும்போது கவனம்: எல்லா ஆர்டுயினோவும் தன்னை மிடிக் கருவி என்று லேப்டாப்பிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளாது. 32யூ4 சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஊனோ மாடலில் அதற்குச் சுற்றி வளைக்க வேண்டும். சென்சாரோடு ஒரு 10கே ரெசிஸ்டர் சேர்த்தால் அழுத்தம் வோல்டேஜாக மாறிவிடும். இடுப்புக்கு, தேக்குக் கட்டை ஒன்றைக் கைக்கு அடக்கமாகச் செதுக்கி, ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இழைத்து, சென்சாரை ஒட்டி, மேலே மெல்லிய ரப்பர் ஷீட். வளைந்த பரப்பில் இந்த சென்சாரை ஒட்டக் கூடாது. வளைவே அழுத்தமாகக் கணக்காகி, யாரும் தொடாமலேயே எண் காட்டும்.

போர்டு அழுத்தத்தை 10 பிட்டில், 1,024 படியாகப் படிக்கிறது. அதை சிசி ஆக்கினால் 128-ஆக நசுங்கும். இங்கேதான் படி எண்ணிக்கை உண்மையிலேயே முக்கியமாகிறது. உடுக்கைக்கு வேண்டிய ஒன்பது செமிடோனை 128 படியில் விரித்தால் ஒரு படி சுமார் 7 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), மெதுவாக இழுக்கும்போது உறுத்தும். ஆகவே சிசியை விட்டுவிட்டு, பிட்ச் பெண்ட் கட்டளையாக அனுப்புகிறேன். மிடியில் ஆரம்பத்திலிருந்தே 14 பிட்டில் வரும் கட்டளை அது, 16,384 படி. என் 1,024-ஐ 16-ஆல் பெருக்கி அனுப்பினால் எதுவும் வீணாவதில்லை. அது சுருதிக்கான கட்டளை, அழுத்தத்துக்கானது இல்லையே என்று சட்டம் பேச வேண்டாம். வாங்கிக்கொள்ளும் பேட்ச் நம்முடையது, என்ன வந்தாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். சிசியிலேயே இரண்டு எண்களைச் சேர்த்து 14 பிட் அனுப்ப வழி இருக்கிறது, ஆனால் அது இரண்டு தனிக் கட்டளை, நடுவில் ஒன்று முந்திக்கொண்டால் எண் ஒரு கணம் குதிக்கும். ப்யூர் டேட்டாவில் ஒரு வேடிக்கை உண்டு: பெண்ட்இன் பெட்டி 0 முதல் 16,383 வரை கொடுக்கும், பெண்ட்அவுட் பெட்டியோ மைனஸ் 8,192 முதல் 8,191 வரை கேட்கும். ஒன்றை இன்னொன்றில் நேராகச் செருகினால் சுருதி எங்கேயோ போய் நிற்கும். பழைய பேட்ச்கள் உடைந்துவிடக் கூடாது என்று அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு தொல்லை, கை அசையாதபோதும் சென்சார் சும்மா இருக்காது. 512, 513, 512, 514 என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் அனுப்பினால் குப்பைக் கட்டளைகள் குவியும், சுருதியும் நடுங்கும். கடைசியாக அனுப்பிய எண்ணிலிருந்து குறைந்தது மூன்று மாறியிருந்தால்தான் அனுப்பு என்று போர்டில் ஒரு வரி எழுதினால் போதும்.

எண் வந்துவிட்டது. அதை அப்படியே சுருதியில் கட்டினேன். மாமா வீட்டுக்கு வந்தபோது கட்டையை அவர் இடது கையில் கொடுத்து, கீபோர்டின் கீழ் இரண்டு கீகளை வலது கைக்குக் காட்டினேன். அடித்தார், அழுத்தினார். “ஏறுது. ஆனா ஒரேயடியா ஏறுதே மாப்ள. நான் தொட்டாலே ஓடுது, அப்புறம் அமுக்கினா நின்னுடுது” என்றார்.

இந்த சென்சாரின் குணம் அது. முதல் தொடுகையிலேயே வோல்டேஜ் பாதிக்கு மேல் ஏறிவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் நகர்ந்து நகர்ந்துதான் ஏறும். புத்தகப்படி இதை வர்க்கப்படுத்தி நேராக்க வேண்டும். ஆனால் நிஜத் தோலும் அப்படித்தான் என்பது பிறகு உறைத்தது. தோலின் சுருதி, விறைப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. ஒரு ஆக்டேவ் ஏற்ற விறைப்பை நான்கு மடங்காக்க வேண்டும். கை எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அளவுக்கு மேலே பலன் குறைந்துகொண்டே வரும். சென்சாரின் வளைவும் அதே திசையில்தான் வளைகிறது, கொஞ்சம் அதிகமாக. அதனால் முழுக்க நேராக்காமல், 1.4 அடுக்கு மட்டும் கொடுத்துப் பாதி வளைவை விட்டுவைத்தேன். மாமா முகத்தைப் பார்த்துத்தான் அந்த 1.4-க்கு வந்து சேர்ந்தேன். அதற்கு வேறு சூத்திரம் கிடையாது.

அடுத்து அவர் சொன்னதுதான் மொத்த பேட்சையும் மாற்றியது. “நான் எப்பவும் கொஞ்சம் புடிச்சுக்கினுதான் இருப்பேன். சும்மா வுட்டா அது தொங்கிடும். அந்தத் தொங்கலும் வோணும் இல்ல?” நான் கையை விட்ட நிலையைப் பூஜ்ஜியம் என்று வைத்திருந்தேன். அவருக்குப் பூஜ்ஜியம் என்பது லேசாகப் பிடித்த நிலை. அங்கிருந்து மேலே ஏழு செமிடோன், முழுக்க விட்டால் கீழே இரண்டு செமிடோன் என்று பிரித்தேன். அடித்த கணத்தில் பிடியை விட்டால் ஒலி தொங்கி இறங்குகிறது, அந்த ‘வ்வ்ம்’ அங்கேதான் இருக்கிறது. ஆட்கள் மாறினால் லேசான பிடியும் மாறும் என்பதால், பாட்டுக்கு முன் ஒரு நொடி பிடித்து ஒரு கீயை அழுத்தினால் அந்த அழுத்தத்தையே நடுநிலையாக எடுத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறேன்.

ஒரு எண்ணை ஒரு பாராமீட்டரில் மட்டும் கட்டினால் மெஷின் என்று காது கண்டுபிடித்துவிடுகிறது. நிஜக் கருவியில் ஒரு அசைவு பல விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றும். ஆகவே அதே அழுத்தம் மூன்று இடத்துக்குப் போகிறது: சுருதி ஏறுகிறது, ஒலி நீடிக்கும் நேரம் 350 மில்லிசெகண்டிலிருந்து 180-க்குக் குறைகிறது, மேலே உள்ள இரண்டு சைன் அலைகளும் கொஞ்சம் உரக்கின்றன. மூன்றுக்கும் வளைவு வேறு வேறு. இரண்டாவது, மூன்றாவது மாற்றங்களைத் தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. எடுத்துவிட்டால் மட்டும் ‘என்னமோ குறையுது’ என்பார்கள்.

கடைசியாக மழமழப்பு. எண்கள் துண்டுதுண்டாக வரும். ஒலியோ நொடிக்கு 44,100 தடவை கணக்கிடப்படுகிறது. ஒரு எண்ணிலிருந்து அடுத்ததுக்கு நேராகத் தாவினால் ஜிப் இழுப்பது போல ஒரு கரகரப்பு வரும். ஆங்கிலத்திலும் அதற்கு ஜிப்பர் நாய்ஸ் என்றே பெயர். லைன் பெட்டியை நடுவில் வைத்து, இத்தனை மில்லிசெகண்டில் மெதுவாகப் போய்ச் சேர் என்று சொன்னால் போய்விடும். எல்லோரும் இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “ஏத்தும்போது இழு, வுடும்போது பொட்டுனு வுடு.” ஏற 25, இறங்க 8 மில்லிசெகண்ட். புதிய எண் பழையதைவிடப் பெரிதா சிறிதா என்று பார்த்து வழி பிரிக்கும் ஒரு பெட்டிதான் கூடுதல் செலவு.

தாமதம் பற்றிக் கேட்பீர்கள். ப்யூர் டேட்டா 64 சாம்பிள் கட்டுகளாக வேலை செய்கிறது, ஒரு கட்டு 1.45 மில்லிசெகண்ட். ஆடியோ பஃபர் (வெளியே அனுப்பும் முன் ஒலியைச் சேர்த்து வைக்கும் இடம்) 128 சாம்பிள் வைத்தால் 2.9, 256 என்றால் 5.8. என் பழைய லேப்டாப் 128-ல் சில நேரம் கரகரக்கும் என்பதால் 256-ல் ஓட்டுகிறேன். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டில் போவது 34 சென்டிமீட்டர்தான். மானிட்டர் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தாலே 6 மில்லிசெகண்ட் போய்விடும். பஃபரைக் குறைக்கப் போராடுவதற்குப் பதில் மானிட்டரைப் பக்கத்தில் இழுத்துப் போடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் மட்டும் வாசித்துப் பார்க்காதீர்கள், வெறுத்துப்போய்விடும்.

மேடைக்குப் போனால் வேறு உலகம். ஒரு மண்டபத்தில் லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கர் முழுக்க ‘ங்ங்ங்’ என்று இரைச்சல். ஐந்து முனை மிடிக் கேபிளில் இந்தத் தொல்லை வராது. வாங்கும் பக்கத்தில் ஆப்டோகப்ளர் வைத்தே ஆக வேண்டும் என்று விதி இருப்பதால், கட்டளை வெளிச்சமாகத் தாண்டிப் போகும், இரண்டு கருவிகளின் கிரவுண்டும் ஒன்றோடு ஒன்று சேராது. யூஎஸ்பியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டி வைத்து, கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் போட்டால் போதும். இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் ஈரக் கையோடு மைக் பிடிக்கும் பாடகரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாப்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். போன பாட்டில் ரிவெர்ப் நாபை முழுக்கத் திருப்பி வைத்திருப்பீர்கள். அடுத்த பாட்டின் செட்டிங்கை எடுத்ததும் மென்பொருளில் ரிவெர்ப் குறைந்திருக்கும், நாப் மட்டும் உச்சியிலேயே நிற்கும். லேசாகத் தொட்டால் ஒலி ஒரே தாவலில் உச்சிக்குப் போகும். நாப் மென்பொருளின் எண்ணைக் கடந்து போகும் வரை அதைப் பொருட்படுத்தாதே என்று ஒரு ஏற்பாடு பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு, பிக்கப் என்றோ சாஃப்ட் டேக்ஓவர் என்றோ பெயரிட்டிருப்பார்கள். தேடிப் பிடித்து ஆன் செய்யுங்கள். அழுத்தும் சென்சாரில் இந்தத் தொல்லை இல்லை, கையை எடுத்தால் தானே கீழே வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், சிசி 120-ஐயும் 123-ஐயும் அனுப்பும் ஒரு பட்டனை எட்டும் தூரத்தில் வையுங்கள். வாசிக்கும்போது கேபிள் பிடுங்கிக்கொண்டால் ஸ்வரம் நிற்காமல் ஓடும், அப்போது மெனு தேட நேரம் இருக்காது.

2020-ல் வந்த மிடி 2.0-வில் கண்ட்ரோலர் எண்கள் 32 பிட். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியே சுருதி வளைக்கலாம். அதற்கு முன்பே எம்பிஇ என்ற ஏற்பாடு, ஸ்வரத்துக்கு ஒரு சேனல் ஒதுக்கி இதைச் செய்துகொண்டிருந்தது. வீணை மாதிரி ஒன்றைக் கட்ட நினைப்பவர்களுக்கு, தந்திக்குத் தந்தி கமகம் வேறு என்பதால், அது பெரிய வரம். ஒற்றை உடுக்கைக்கு பழைய மிடியே தாராளம்.

இப்போது பார்ட்டியில் அம்மன் பாட்டுச் சீட்டு வந்தால் கட்டையை எடுத்துக்கொள்கிறேன். மாமாவின் அடி என்னிடம் இல்லை, அது வேறு கணக்கு. அவருக்கு இன்னும் ஒரு குறை பாக்கி: இரண்டு விரலால் அடித்தாலும் நான்கு விரலால் அடித்தாலும் அதே ‘டப்’ தான் வருகிறதாம். கீயின் வெலாசிட்டியை, அதாவது அடித்த வேகத்தின் எண்ணை, நாய்ஸின் நீளத்திலும் ஃபில்டரிலும் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் வேலையாக அதற்கும் இரண்டு எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். என் விரல் கீபோர்டில் 40-க்குக் கீழேயும் 110-க்கு மேலேயும் போவதே இல்லை.

நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் சென்சாரில் அந்தச் சின்ன வட்டத்தை வாங்க வேண்டாம். விரல் நுனிக்குத்தான் அது லாயக்கு, கை பிடியில் விரல் கொஞ்சம் நகர்ந்தாலே தப்பிவிடும். சுமார் நான்கு சென்டிமீட்டர் சதுரமாக ஒன்று வரும், அதைக் கேளுங்கள். அதன் வால் முனையில் நேராக சாலிடர் வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும், கனெக்டர் போட்டு அழுத்துங்கள்.